முகம் தெளிவா இருந்துச்சும்மா

குளிப்பாட்டி முடித்துவிட்டு வெளியே வரும்போது அந்த அக்காவின் முந்தானை நனைந்திருக்கும். கற்பூர வாசனை அடிக்கும். கூடத்தில் உட்கார்ந்து குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருக்கிற பெண்கள் ஓதுவதை நிறுத்தாமலேயே தலையைத் தூக்கி அவர் வாயைப் பார்ப்பார்கள். கண்ணைப் பார்க்க மாட்டார்கள், வாயைத்தான். அவர் வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இறந்தவருக்கு யார் ரொம்ப நெருக்கமோ அவரைத் தேடிப் பார்த்து, "முகம் தெளிவா இருந்துச்சும்மா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அதுவரை அலறிக்கொண்டிருந்த வீடு அதற்குப் பிறகு அழ ஆரம்பிக்கும். அலறுவது வேறு, அழுவது வேறு என்பதை நான் அவர் நின்ற வாசல்களில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

செங்கல்பட்டில் எங்கள் தெரு மார்க்கெட்டுக்குப் பின்னால், பள்ளிவாசலை ஒட்டி இருக்கிறது. எங்கள் மார்க்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றித்தான் அடக்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். சொந்தக்காரர்களே செய்வதுதான் நல்லது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் தன் பயான் பேச்சில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். யாராவது இறந்து மய்யித்து விழுந்ததும் அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.

மற்ற நாட்களில் அக்கா வீட்டில் சமோசா மடித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்தவர்கள் அந்தச் சமோசாவைத் தொட மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும். "துன்னாட்டி போ. நாளைக்கு இதே கைதான் உன்னயும் தொடப்போவுது, அப்ப வேணாம்னு சொல்லுவியா பாக்கலாம்" என்று சிரிப்பார். என் மகள் சின்னவளாக இருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மைதாப் பசையைத் தொட்டுத் தொட்டு சமோசாவுக்கு ஓரம் ஒட்டிக் கொடுப்பாள். ஓரம் சரியாக ஒட்டாமல் எண்ணெயில் பிரிந்துபோனதெல்லாம் அவள் ஒட்டியதுதான். அவற்றை அக்கா விற்க மாட்டார், அவளுக்கே கொடுத்துவிடுவார். பிறகு அவள் வேண்டுமென்றே சரியாக ஒட்டாமல் விட ஆரம்பித்தாள்.

நல்ல மவுத்து, நல்ல சாவு, என்றால் முகத்தில் நூர், அதாவது ஒளி, இருக்கும் என்றும், கடைசியாக, அல்லாஹ் ஒருவனே என்கிற கலிமாவைச் சொன்னவர்களுக்கு ஆட்காட்டி விரல் நீண்டிருக்கும் என்றும் எங்கள் பெண்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. திரைக்குள் நின்று அதைப் பார்க்கிறவர் அக்காதான். அதனால் அவர் சொல்வது, கபர்க் குழிக்குள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல் ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் அவர் ஒவ்வொரு வீட்டிலும் வாயில் வந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவரிடம் ஒரு மருமகள் சண்டைக்கு வந்துவிட்டாள். "எங்க மாமியாருக்கு நல்லா இருந்தாங்கன்னு சொன்ன. எதுத்த வூட்டு மாமியாருக்கு மட்டும் ரொம்ப நல்லா இருந்தாங்கன்னு சொன்னியாமே? அந்தப் பொம்பள தொழுவவே மாட்டா!" என்று.

"அந்த ரொம்பவ எடுத்துக்கினு போய் உங்க மாமியாருக்கு வச்சிக்க. எனக்கு வேணாம்" என்றாராம் அக்கா.

அதற்கப்புறம்தான் பல்வலி விவகாரம் நடந்தது. எங்கள் தெருமுனையில் பிஸ்கட் கடை வைத்திருப்பவரின் அம்மா இறந்தபோது அக்காவுக்குக் கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. குளிப்பாட்டிவிட்டு வந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் அசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிஸ்கட் கடைக்காரர் ஆடிப்போனார். அவருக்கு ஒரு தங்கை. வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பல வருடங்களாக அவளோடு பேச்சு இல்லை. மய்யித்துக்குக்கூட அவளைப் பின்பக்கமாக வரச்சொல்லிப் பார்க்கவிட்டுத் துரத்திவிட்டார்கள். அம்மாவின் முகம் கெட்டுப்போனது அதனால்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். அழுது கூட்டிக்கொண்டு வந்தார். தங்கையின் பிள்ளைகள் கடைக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

சில மாதம் கழித்து அக்கா ரஸ்க் வாங்கப் போனபோது அவர் மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு அம்மா மொகத்துல இன்னா பாத்தீங்க? மறைக்காம சொல்லுங்க."

"இன்னா பாத்தேன்? எனக்குப் பல்லு வலிப்பா. வாயத் தொறக்க முடில."

அவ்வளவுதான். அடுத்த பெருநாளுக்குத் தங்கை வரவில்லை. பிள்ளைகளும் கடைப்பக்கம் வருவது நின்றுபோனது.

அக்கா இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. "எனக்குப் பல்லு வலிச்ச வரிக்கும் அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா இருந்தாங்க. நான் உள்ளத சொன்னேன், பிரிஞ்சி பூட்டாங்க. இன்னாத்துக்குடி சொன்னோம்னு ஆயிடிச்சி. உண்மைய சொல்லணும் சொல்லணும்னு சொல்றாங்களே, அத்த வாங்கி வச்சிக்கறதுக்கு மனுசங்கிட்ட எடமே இல்லடி."

அன்றிலிருந்துதான் அந்த ஒரே வார்த்தை. எல்லாருக்கும் அதே, ஒரே குரலில். பணக்கார வீட்டுக்கு அழுத்தியோ, ஏழை வீட்டுக்கு இறக்கியோ சொன்னது கிடையாது.

எனக்கு அவர்மேல் பிரியம் இருந்தது, கூடவே கொஞ்சம் பயமும் இருந்தது. ஒருமுறை தண்ணீர் ஊற்ற ஆள் வராததால் என்னைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு பல தடவை போயிருக்கிறேன். அவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, உடம்பைப் போர்வைக்குள்ளேயே வைத்துக் கழுவுவார். "கொஞ்சம் திரும்பும்மா, ஆச்சு ஆச்சு" என்று மய்யித்தோடு பேசிக்கொண்டே செய்வார். நான் சொம்பில் எடுத்து ஊற்றுவேன்.

அப்படி ஒரு பெண்ணைக் குளிப்பாட்டினோம். நீண்ட நாள் வியாதி. வலியில் வாய் ஒருபக்கம் கோணி, அப்படியே நின்றுபோயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் சொம்பைக் கீழே போட்டேன். வெளியே வந்ததும் அக்கா நிலையில் கை வைத்து அந்தப் பெண்ணின் மகளைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னார். மகள் அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் என்னால் சும்மா வர முடியவில்லை. "இன்னாக்கா, மவுத்து வூட்ல போய்ப் பொய் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"பொய்யின்னா இன்னா?"

"தெரிஞ்சத மாத்தி சொல்றது."

"எனக்கு இன்னாடி தெரியும்? அவ வாய் கோணிக்கிச்சி, அது தெரியும். அதுக்கு அர்த்தம் இன்னான்னு தெரியுமா? நூரு நூருன்றாங்களே, முக்காவாசி அது டியூப்லைட்டு. கரண்ட் போனா ஒருத்தருக்கும் நூரு கெடையாது."

"அப்ப நீங்க சொல்றது உண்மையா?"

"அதுவும் இல்ல."

"பின்ன இன்னா அது?"

நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டுக்கொண்டே நடந்தார். "துணி மாதிரி வச்சிக்கயேன். கடைசியா போத்தறோம்ல, அதுக்கு மேல இன்னொண்ணு. குளிப்பாட்றவ பாத்தத மறைக்கணும்னு நம்ம மார்க்கத்துலயே கீது. நான் மறைக்கறேன். அல்லாஹ் உண்மைய அவங்கிட்டயே வச்சிக்கினான்டி. நமக்கு ஆறுதல் சொல்றதுக்கு வாய மட்டும் குடுத்தான். அதுலயும் பாதி நாளு பல்லு வலி."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். சந்தேகப்படுகிற அளவுக்கு எனக்கு அறிவு கிடையாது. அல்லாஹ் இருக்கிறான், கேள்வி கணக்கு இருக்கிறது, சுவர்க்கம் இருக்கிறது என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கும் நம்பிக்கை இருந்தது. ஐந்து வேளைத் தொழுகையும் தவறாது. ஆனால் தொழுது முடித்து துஆ கேட்கக் கையேந்தினால் அவர் உதடு அசையாது. எங்கள் வீட்டில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து தொழுதபோது கவனித்துவிட்டுக் கேட்டேன்.

"மனசுக்குள்ளயே கேப்பீங்களாக்கா?"

"ஒண்ணும் கேக்கறதில்ல. கைய காட்றேன். கழுவின கை, பாத்துக்கன்னு."

"கேட்டாதானே குடுப்பான்?"

"எங்க வூட்டுக்காரரு சவூதில மவுத்தாயி அங்கியே அடக்கம் பண்ணாங்க. போன்ல சொன்னாங்க. யாரு குளிப்பாட்னாங்க, மொகம் எப்டி இருந்துச்சி, ஒருத்தனும் சொல்லல. எத்தினி வருசம் கேட்டேன் தெரியுமா? அதுக்கப்பறம் கேக்கறத வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொழுகை விரிப்பை மடித்தார். அவர் தன் கதையாக என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளைப் படூரில் கொடுத்திருந்தோம். பெரிய அபார்ட்மெண்ட், நல்ல மாப்பிள்ளை. இரண்டு தடவை கரு தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்துபோனது என்று மாப்பிள்ளை பின்னால் சொன்னார். என்னிடம் போனில் பேசும்போது சாதாரணமாகத்தான் பேசுவாள். அன்று காலையிலும் பேசினாள். வஞ்சிர மீனுக்கு மாங்காய் போடலாமா என்று கேட்டாள். போடலாம், புளியைக் குறைத்துக்கொள் என்றேன். சாயந்திரம் பேசறேம்மா என்று வைத்தாள். மத்தியானம் மகாபலிபுரம் கடற்கரையில் அவளைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறார்கள்.

தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறாள். ஏன் போனாள் என்று யாருக்கும் தெரியாது. அலை இழுத்துக்கொண்டது என்று மாப்பிள்ளை சொன்னார். அந்தப் பக்கம் சுண்டல் விற்கிற பெண், நெடுநேரம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது, அப்புறம் திரும்பிப் பார்த்தேன், காணோம் என்றாளாம். செருப்பு இரண்டும் மணலில் ஜோடியாக இருந்தன. காலை நனைக்கப் போகிறவளும் செருப்பைக் கழற்றித்தான் வைப்பாள். திரும்பி வர வேண்டாம் என்று போகிறவளும் கழற்றித்தான் வைப்பாள். அந்தச் செருப்பைப் போலீஸ்காரர் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீரில் மூழ்கி இறந்தவர்களுக்கு ஷஹீதுடைய, உயிர்த்தியாகியுடைய அந்தஸ்து உண்டும்மா என்று ஹஜ்ரத் வந்து சொன்னார். நல்ல மனிதர். ஆனால் தானாகப் போனவளுக்கு அது உண்டா என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள்தான் பெரியாஸ்பத்திரியிலிருந்து பரிசோதனை முடிந்து அவளைக் கொண்டுவந்தார்கள். பெற்றவள் நான்தான் குளிப்பாட்டியிருக்க வேண்டும். எழுந்து சொம்பை எடுத்தேன், திரையைத் தாண்டிப் போக முடியவில்லை. அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கமாக மய்யித்தோடு பேசுவாரே, அந்தப் பேச்சு கேட்கவில்லை.

வெளியே வந்தார். நிலையில் கை வைத்தார். எல்லாப் பெண்களும் தலையைத் தூக்கினார்கள். நானும் அவர் வாயைத்தான் பார்த்தேன். எத்தனையோ வாசலில் அவருக்குப் பின்னால் நின்றவள், அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

பாவம், வளர்த்த பிள்ளை மாதிரி, துக்கம் தாங்கவில்லை என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது துக்கமா, பார்த்ததா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஓதி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். சமோசா மடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கக்கா" என்றேன்.

"இன்னாத்த சொல்ல?"

"எல்லாருக்கும் சொல்றத எனக்கும் சொல்லுங்க."

"அது இன்னான்னு உனக்குத் தெரியுமேடி."

"தெரிஞ்சா இன்னா? சொல்லுங்க."

"துணிய தூக்கிப் பாத்தவ நீ. உனக்கு எப்டிடி போத்துவேன்? நான் சொல்லுவேன், நீ என் கண்ணப் பாப்பே. மத்தவங்க வாயத்தான் பாப்பாங்க."

"அப்ப உண்மைய சொல்லுங்க. வெரலு நீட்டிகினு இருந்துச்சா?"

"ஆஸ்பத்திரிலயே கைய நேரா வச்சிக் கட்டி அனுப்பிட்டாங்க. இருந்தாலும் எனக்குத் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது."

"மொகம்?"

"உம்பொண்ணு மொகம். தண்ணில கெடந்த மொகம். அவ்ளோதான் தங்கச்சி."

"தானா போனாளா?"

மடித்த சமோசாவைத் தட்டில் வைத்தார். "ஒடம்பு அத்த சொல்லாதுடி. எத்தினி பேர கழுவிட்டேன், எந்த ஒடம்பும் எதையும் சொன்னதில்ல. நாமதான் கேட்டுக்கினே கீறோம்."

பொய்யாகவாவது சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தினேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தலைமேல் கை வைத்து அழுதார், அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. கையில் ஒட்டியிருந்த மைதாப் பசை என் முடியில் காய்ந்துபோய், வீட்டுக்கு வந்து வெகுநேரம் வரை போகவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வது குறைந்தது. கோபமெல்லாம் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் நடுவில் அவள் வந்து நின்றுவிடுவாள். அக்காவுக்கும் முட்டி வலி வந்து வேலை செய்ய முடியாமல், கருங்குழியில் அண்ணன் மகன் வீட்டோடு போய் இருக்க முடிவு செய்தார். போகிற அன்று ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். புர்கா போட்டு, கையில் ஒரு பையோடு. உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. நிலையில் கை வைத்தார். என்னை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"வேணாம்க்கா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்ல வந்திருப்பார், எனக்காக அவர் மனசாட்சியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அப்போது நினைத்தேன் போலிருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். ஆட்டோ போய்விட்டது.

அவர் மவுத்தான செய்தி அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. அண்ணன் மகன் போனில் சொன்னார். "மொகம் எப்டி இருந்துச்சி தம்பி?" என்று கேட்டேன். "தெரியல சாச்சி. பொம்பளைங்க யாரோ குளிப்பாட்னாங்க. நாங்க வெளிய நின்னுகினு இருந்தோம்" என்றார். அக்காவைப் பற்றியும் யாரும் வந்து சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேறொன்று தோன்ற ஆரம்பித்தது. அன்று வாசலில் நின்று அவர் சொல்ல வந்தது அந்த வார்த்தைதானா? வேறு ஏதாவது பார்த்திருந்தாரா? நல்லதாக ஏதாவது? அல்லது மற்றது? தொழும்போதும் சோறு வடிக்கும்போதும் இது வருகிறது. அவர் அன்றைக்கு வாய் திறந்தபோது உதடு எப்படிக் குவிந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி தெரிகிறது.

இப்போது எங்கள் தெருவில் இறந்துபோகிற பெண்களை நான்தான் குளிப்பாட்டுகிறேன். என் மகளுக்குச் செய்யாத கையால் மற்றவர்களுக்குச் செய்கிறேன். வெளியே வந்து நிலையில் கை வைக்கிறேன். என் வாயைப் பார்க்கிறார்கள். "முகம் தெளிவா இருந்துச்சும்மா" என்கிறேன். அலறல் நின்று அழுகை வருகிறது. அக்கா சொன்னபோது இருந்த மாதிரியேதான்.

போன மாதம் பிஸ்கட் கடைக்காரரின் தங்கை இறந்துபோனாள். அண்ணன் அவள் வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்றுகொண்டு மனைவியை உள்ளே அனுப்பியிருந்தார். நான் திரையை விட்டு வெளியே வந்ததும் அந்த அம்மா கிட்டே வந்து, "அவரு கேக்க சொன்னாரு. மொகம் எப்டி இருந்துச்சாம்?" என்றாள்.

கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. போய்? இனி யார் வீட்டு வாசலில் போய் நின்று அவர் அழுவார்? ராசியாவதற்கு யார் இருக்கிறார்கள்?

"தெளிவா இருந்துச்சும்மா" என்றேன்.

அந்த அம்மா வெளியே போய்ச் சொன்னாள். அவர் வானத்தைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "வந்தவங்களுக்கு டீ சொல்லிட்டீங்களா?" என்று யாரையோ கேட்கிற அவர் குரல் உள்ளே வரை கேட்டது.

வீட்டுக்கு வந்து மத்தியானத் தொழுகை, லுஹர், தொழுதேன். கையேந்தினேன். எனக்குக் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவள் காலை நனைக்கத்தானே போனாள், ரப்பே? இல்லை என்று பதில் வந்துவிட்டால் நான் எங்கே போவேன்? அன்றைக்கும் கேட்கவில்லை. கையிலிருந்து கற்பூர வாசனை வந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் அவனுக்குக் காட்டிவிட்டு எழுந்துகொண்டேன்.